துருக்கி விக்கிப்பீடியாவை முடக்கிய காரணம்
மேலே ஒருவர் “துருக்கி விக்கிப்பீடியாவை மத நிந்தனைக்காக முடக்கியது, பக்கங்களை நீக்கிய பிறகே திறந்தது” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

2017 ஏப்ரல் 29 அன்று முடக்கியதற்குக் காரணம் அரசியல். சிரியாவில் தீவிரவாதக் குழுக்களுக்குத் துருக்கி அரசு உதவியதாகச் சொன்ன ஆங்கிலக் கட்டுரைகளை நீக்கச் சொன்னார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மறுத்தது. எச்டிடிபிஎஸ் (HTTPS) என்ற மறையாக்க இணைப்பில் யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரியாது என்பதால், தனிப் பக்கத்தை மட்டும் தடுக்க முடியாது. ஆனால் ஆங்கிலத் தளத்தோடு நிறுத்தாமல் எல்லா மொழி விக்கிப்பீடியாவையும் முடக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடத்துக்குத் தேடும் பக்கங்கள்கூட! இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், தடை நீங்கியது வழக்கால். 2019 டிசம்பர் 26 அன்று துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றமே இது கருத்துரிமை மீறல் என்றது. 2020 ஜனவரி 15 அன்று தளம் திறந்தது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.