ஏரிக்கு நடுவிலும் டிக்கெட் கொடுங்கள்

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆந்திராவிலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இலவசப் பயணம் வந்துவிட்டது. நல்லது, இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் இரு மாநில எல்லையிலுள்ள பழவேற்காடு ஏரியில், ஆந்திரப் பக்கம் இருக்கும் இருக்கம் தீவுப் பெண் அந்தப் பேருந்தில் ஏறுவதற்கு முதலில் படகேறிக் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகுக்கு அவள் கையிலிருந்துதான் காசு. பேருந்து நட்டத்தில் ஓடினால் அரசு ஈடுகட்டும். படகு நட்டத்தில் ஓடினால் படகுக்காரர் நிறுத்திவிடுவார்.

தடா, ஆரம்பாக்கம் பக்கம் வாழும் எங்களுக்கு மாநில எல்லை என்பது ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். சந்தைக்கும் மருத்துவத்துக்கும் எது அருகிலோ அங்கே போகிறோம். அதிகாரிகளுக்கு அப்படியில்லை. 2022இல் தடா உள்ளிட்ட ஆந்திரப் பக்கம் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. படகுத்துறையைப் பற்றிக் கேட்க வேண்டிய அலுவலகம் மாறியதே தவிர, படகுத்துறை மாறவில்லை.

படகு என்றாலே நம் அரசுகளுக்குச் சுற்றுலாதான் நினைவுக்கு வருகிறது. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. விவேகானந்தர் பாறையைப் பார்க்கப் போகிறவர்களுக்காக. தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்குப் படகு விட ஓர் அரசுத் துறை வேண்டும் என்று 1968இலேயே முடிவெடுத்தது கேரளா. ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை, பேருந்துபோல் கால அட்டவணை போட்டு, பேருந்துபோல் குறைந்த கட்டணம் வாங்கி ஓடுகிறது. லாபத்துக்காக நடத்துவதில்லை. மருத்துவமனையிடம் யாராவது லாபம் கேட்கிறார்களா?

வைக்கத்துக்குப் பெரியார் நினைவகம் பார்க்கப் போகும் நம்மவர்கள் அருகிலுள்ள படகுத்துறைக்கும் ஒருநடை போய் வரலாம். 2017 ஜனவரியிலிருந்து அங்கே தவணக்கடவுக்கு ‘ஆதித்யா’ என்ற சூரிய ஒளிப் படகு ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். இரண்டரைக் கிலோமீட்டர் தூரம். டீசல் செலவு ஒழிந்தால் தினசரி நட்டம் எவ்வளவு குறையும் என்பதை நம் நிதித்துறையினர் அங்கே போய்ப் பார்க்கட்டும். கொச்சியில் மின்படகுகள் ஓட்டும் வாட்டர் மெட்ரோவை நான் கேட்கவில்லை. அது ஜெர்மன் வங்கிக் கடனோடு ஆயிரம் கோடிக்கு மேல் போட்டு, 38 படகுத்துறைகளுக்குத் திட்டமிட்டது. நமக்கு வைக்கம் அளவு போதும்.

அப்படியே பெயர்த்து வைக்கவும் முடியாது. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் வற்றி, சேற்றுத் திட்டாகிவிடும். தட்டையான அடிப்பாகமுள்ள படகும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைப் படகுத்துறையும் தேவை. தூர்வாரலாம் என்றால், மாநில எல்லைக்கு இருபுறமும் பறவைகள் சரணாலயம்; வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி இறங்காது. அதனால் எந்த மாதத்தில் எந்த வழியாகப் படகு ஓடும் என்பதுதான் திட்டத்தின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். படகின் விலை அதற்குப் பிறகு வரட்டும்.

பாதுகாப்புக்கும் பணம் வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். தடை போடச் செலவில்லை. அரசுப் படகு என்றால் மட்டும் ஆபத்து விலகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன கேரள அரசுப் படகு கவிழ்ந்து 29 பேர் மாண்டார்கள். அரசுப் பணித் தேர்வெழுதப் போனவர்கள் பலர். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். தேர்வு நாள் முன்பே தெரிந்ததுதானே? இன்னொரு படகு விட்டிருக்கலாம். எங்கள் ஏரிக்கும் திருவிழா, தேர்தல், தேர்வு நாட்களுக்கென்று மாற்றுப் படகு ஒன்று கணக்கில் இருக்க வேண்டும். சும்மா நிற்கும் படகுக்கு எதற்குப் பணம் என்று தணிக்கையில் கேட்பார்கள். கேட்கட்டும்.

பாலம் வந்தால் எல்லாம் தீரும் என்கிறார்கள் நண்பர்கள். வரட்டும். அதுவரை இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம் போதும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளுக்கு அப்படி ஒப்பந்தம் போட்டுப் பழக்கப்பட்டவர்கள்தான் அவர்கள். படகின் நேரத்தைச் சூளூர்பேட்டை–சென்னை மின்சார ரயிலின் நேரத்தோடு பொருத்தி வைத்தால், காலையில் தீவிலிருந்து கிளம்புகிறவர் அன்றைய வேலையை முடித்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பலாம்.