அந்துருண்டையால் எலி நாற்றம் போகாது

அண்ணாச்சி, காருக்குள் நாலு அந்துருண்டை போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் எலி நாற்றம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. ஒரு வாடைமேல் இன்னொரு வாடை ஏறும், அவ்வளவுதான். வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் அந்த நெடி தலைவலியும் குமட்டலும் தரும். சின்னப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் வேண்டவே வேண்டாம்.

நாற்றத்தின் வேர் எலிக்கூடும் மூத்திரமும்தான். செங்கோட்டையில் சாரல் முடிந்து எங்கள் பழைய காரை எடுத்தபோது, டேஷ்போர்டுக்குப் பின்னால் காற்றை ஊதும் ப்ளோயரைக் கழற்றினோம். உள்ளே தேங்காய் நார், சீட்டுப் பஞ்சு, பாதி கடித்த ரப்பர் கொட்டை. அதை அள்ளிய பிறகுதான் வாடை இறங்கியது.

அப்புறம், காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தூசி மூச்சில் ஏறும். கதவைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறை போட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் ஊறியதும் துடையுங்கள். துணி சீட்டுக்கு பிளீச் ஆகாது, சாயம் போய்விடும். அதற்கு மூத்திரக் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனர். கையில் காயம் இருந்தால் இந்த வேலையைத் தொடாதீர்கள். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் மழைதோறும் பரவும் எலிக்காய்ச்சல் காயம் வழியாகவும் ஏறும்.