பஸ் ஊருக்குள் வந்த காலம்

பழைய பஸ் படம் ஒன்றைப் போட்டு, "அதெல்லாம் ஒரு காலம்" என்று இரண்டு வரி எழுதினால் போதும், லைக் கொட்டுகிறது. நானும் லைக் போடுகிற ஆள்தான். ஆனால் கீழே வரும் கமெண்டுகளைப் படிக்கும்போது, இவர்களெல்லாம் நிஜமாகவே அந்த பஸ்ஸில் போனவர்கள்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

எண்பதுகளில் டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் பெட்டி இருக்கும். கூட்ட நேரத்தில் அதன் மேலும் நாலு பேர் உட்காருவார்கள். இறங்கும்போது உட்கார்ந்த இடம் பாதி வெந்திருக்கும். பல டவுன் பஸ்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, உருட்டிக் கட்டிய படுதாதான். மழை வந்தால் அவிழ்த்து விட வேண்டும். விட்ட மறு நிமிஷம் உள்ளே இருட்டு, புழுக்கம், யாரோ ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும் சத்தம். "புகை பிடிக்காதீர்" என்ற எழுத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒருவர் நிம்மதியாகப் பீடி வலிப்பார். "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே பாதி உடம்பு வெளியே தொங்கும். எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது சட்டைக் காலரில் கரிசல் புழுதியும் டீசல் கரியும் ஒன்றாக அப்பியிருக்கும்.

ஆக, அந்த வண்டிக்காக நான் ஏங்கவில்லை. அது எங்கே வந்து நின்றதோ, அதற்குத்தான் ஏங்குகிறேன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் ஊரின் நட்டநடுவில். இறங்கினால் கடை, மார்க்கெட், ஆஸ்பத்திரி, லாட்ஜ், சினிமாக் கொட்டகை எல்லாம் நடக்கிற தூரம். ராத்திரி எத்தனை மணிக்கு வந்து இறங்கினாலும் டீக்கடை ஒன்று திறந்திருக்கும். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற வண்டி திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். நேரம் ஆகும்தான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு ஊரும் கைக்கு எட்டும். சாத்தூரில் வெள்ளரிக்காயும் காராச்சேவும், எங்கள் ஊரில் கடலை மிட்டாய். (2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஜன்னல் வழியாக அது தமிழ்நாடு பூராவும் போய்விட்டது.) கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடிவரும் கைகளுக்கும் உள்ளிருந்து நீளும் கைகளுக்கும் இடையே, வண்டி நகர ஆரம்பித்த பிறகும் வியாபாரம் நடக்கும். சில்லறை வாங்காமல் ஏமாந்தவர்களும் உண்டு, காசு கொடுக்காமல் ஏமாற்றியவர்களும் உண்டு.

வண்டியின் பக்கவாட்டில் எழுதிய பேரைப் பார்த்தாலே அது எந்தப் பக்கத்து வண்டி என்று தெரிந்துவிடும். பல்லவன் என்றால் மெட்ராஸ், பாண்டியன் என்றால் மதுரை, சேரன் என்றால் கோயம்புத்தூர், சோழன் என்றால் கும்பகோணம். இந்த நாலும் 1972இல் தொடங்கியவை. எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு 1974இல் கட்டபொம்மன் வந்தார். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக வண்டி, 1799இல் அவரைத் தூக்கில் போட்ட கயத்தாறு வழியாகவே தினமும் போய்வந்தது. சின்ன வயதில் இதை யோசித்து ரொம்பக் குழம்பியிருக்கிறேன். 1997இல் ஒரு புதிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பேரை வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்து, கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேரையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸில் பேர் இருந்தது அழகுதான். அந்தப் பேருக்காக ரத்தம் சிந்திய மாவட்டத்துக்காரன் என்பதால், அது போனதற்கு என்னால் அழ முடியவில்லை.

எங்கள் தாத்தா தலைமுறைக்கு இதற்கும் முந்தைய கதை. மதுரைப் பக்கம் டிவிஎஸ் பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அடுப்புக்கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓடியது, ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். கரி வாயுவில் ஓடியது வரலாறு. தள்ளியதில் தாத்தாவின் பங்கு எவ்வளவு என்பதைத் தாத்தாதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் வந்தது என்று சொன்னேன். டவுன் பஸ் அதற்கும் ஒரு படி மேலே போய், ஊரிலேயே படுத்துத் தூங்கியது. நைட் ஹால்ட் வண்டி என்பார்கள். கடைசி டிரிப் ராத்திரி ஒன்பதரை, பத்துக்குக் கிராமத்துக்கு வந்து சாவடிப் பக்கம் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். யாராவது ஒரு வீட்டிலிருந்து கம்பங்கூழோ, ரசம் சோறோ போகும். விடியற்காலை ஐந்து மணிக்கு டிரைவர் இன்ஜினைப் போட்டு, ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதித்து, நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். அதுதான் ஊருக்கே அலாரம். பால்காரர், பூக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வயிற்றுப்பிள்ளைக்காரி, ஹைஸ்கூல் பையன் எல்லோரும் அந்த வண்டிக்குத்தான். வழக்கமாக வருகிற ஆள் வரவில்லை என்றால் கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். "ஏலே, ஆச்சிய எங்க காணோம்? ஓடிப் போய்ப் பாரு!" என்று ஒரு பையனை விரட்டுவார். ஆச்சி முந்தானையில் காசை முடிந்துகொண்டே ஓடி வரும். "இரி அண்ணாச்சி, பசு கன்னுக்குட்டிய விட்டுட்டுல்லா நிக்கி" என்று காரணமும் சொல்லும். இதை இன்றைக்கு எந்தச் செயலியில் பதிவு செய்வது?

அந்தக் கண்டக்டர்களைப் பற்றியே தனியாக எழுதலாம். இடுப்பில் தோல் பை, காதில் பேனா, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். கட்டணத்துக்கு ஒரு நிறமாகக் காகித டிக்கெட் கட்டுகள். நாக்கில் விரலை நனைத்துச் சரக்கென்று கிழித்துக் கொடுப்பார். சில்லறை இல்லையென்றால் பாக்கியை டிக்கெட் பின்னால் கிறுக்கித் தருவார். இறங்குவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும் என்ற கவலையிலேயே பாதிப் பேர் தூங்க மாட்டார்கள். ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறுகிற நிறுத்தம், வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டு, இன்வாய்ஸ் என்ற கணக்குத் தாளில் நம்பர் எழுதி முடிக்க வேண்டும். இல்லையென்றால் செக்கிங் ஏறும்போது அவர் பாடு திண்டாட்டம். அதனால்தான் ஊர் எல்லையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிதானமாக எழுதுவார். உள்ளே நிற்கிறவர்கள் வியர்வையில் முணுமுணுப்பார்கள். டிரைவர் தலைக்கு மேலே "யாகாவா ராயினும் நாகாக்க" என்று வள்ளுவர் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குறள் டிரைவருக்கா, கண்டக்டருக்கா, நமக்கா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பஸ்ஸும் ஓடியது. அதைப் பற்றி யாரும் படம் போட்டு எழுதுவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. விடியுமுன் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். என்னோடு படிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் அதில் தூங்கி வழிந்தபடி போவதை நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்திருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அந்த வண்டிகளில் பிள்ளைகள் குறைவதற்கு அதற்குப் பிறகும் வருஷங்கள் பிடித்தன. "அந்தக் காலத்து பஸ்" என்று உருகும்போது இந்த வண்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மெட்ராஸுக்குப் போகத் திருவள்ளுவர் கழகத்தின் விரைவு பஸ். 1980இல் தனிக் கழகமாக வந்தது. சாயங்காலம் ஏறினால் விடியும்போது செங்கல்பட்டு. அதிலிருந்து கண்டக்டரின் குரல்தான் சுப்ரபாதம்: "தாம்பரம் இருக்கா, தாம்பரம்?" தாம்பரம், பல்லாவரம், கிண்டி, சைதாப்பேட்டை என்று அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் உதிர்ந்துகொண்டே போவார்கள். கடைசியாக மிஞ்சியவர்களைப் பாரிமுனையில் கொண்டுபோய் இறக்கும். முதல் முறையாகப் பட்டணம் பார்க்கிறவனுக்கு எதிரே ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள், ஒரு பக்கம் சட்டக் கல்லூரி, நடந்தால் கோட்டை, கடற்கரை ஸ்டேஷன். வேலை தேடி வந்தவன் இறங்கிய இடத்திலிருந்தே வேலை தேட ஆரம்பிக்கலாம். பத்தடி நடந்தால் பல்லவன். நகரத்தின் எந்த மூலைக்கும் அங்கிருந்து ஒரு நம்பர் இருந்தது. மெட்ராஸில் விலாசம் சொல்வதே நம்பரில்தான். "நமக்கு 29சி ரூட்டு சார்" என்றால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் எங்கோ ஒரு வீடு என்று அர்த்தம். பின்னாளில் 18ஏ-வில் மாடி பஸ் விட்டபோது, தாம்பரத்திலிருந்து மேல்மாடி முன்சீட்டில் உட்கார்ந்து மவுண்ட் ரோட்டைப் பார்த்தபடி வந்திருக்கிறேன். மரக்கிளை கண்ணாடியில் அறையும்போது குனிகிற சுகம் வேறெந்த வண்டியிலும் கிடையாது.

2002 நவம்பரில் வெளியூர் வண்டிகளுக்கென்று கோயம்பேடு பஸ் நிலையம் வந்தது. பாரிமுனையின் நெரிசலையும் புகையையும் பார்த்தவர்கள் யாரும் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அங்கே மெட்ரோ வந்து சேர 2015 ஆயிற்று. சரி, இப்போதாவது இறங்கினால் ரயில் இருக்கிறது என்று மூச்சு விட்டோம். 2023 டிசம்பர் கடைசியில் தாம்பரத்துக்கும் தெற்கே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்து தென்மாவட்ட வண்டிகள் அங்கே போய்விட்டன. திறந்தபோது வாசலில் மின்சார ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. பாரிமுனையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். தெற்கேயிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்தவன், வட சென்னையில் வீடு என்றால் அதற்கு மேல் இரண்டு வண்டி மாற வேண்டும். கட்டடம் பளபளவென்று இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டடத்தைத் திறந்துவிட்டு ரயிலைப் பிறகு யோசிப்பது என்ன திட்டம்? கார் வைத்திருப்பவருக்கு முப்பது கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேர எரிச்சல். இரண்டு பையும் ஒரு கைக்குழந்தையுமாக வருகிறவளுக்கு அது அன்றைய கூலி.

சென்னைக்காவது பெரிய நகரம் என்ற சாக்கு இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு என்ன வந்தது? நாற்கரச் சாலை வந்தபின் ஊருக்கு ஊர் பைபாஸ். கோவில்பட்டியில் நாற்கரச் சாலையோரம் கூடுதல் பேருந்து நிலையம் ஒன்றும் கட்டினார்கள். மதுரைக்கு இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த வேகத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதுரையில் ஏறும்போதே சில வண்டிகளில் கேட்கிற கேள்வி இருக்கிறதே: "கோவில்பட்டியா? பைபாஸ்லதான் இறக்கி விடுவோம், சம்மதம்னா ஏறு." ராத்திரி ஒரு மணிக்குப் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். லாரி விளக்கைத் தவிர வெளிச்சம் கிடையாது. அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோக்காரர் கேட்கிற காசு, மதுரையிலிருந்து வந்த டிக்கெட்டை விட அதிகமாக இருக்கும். எங்கள் அக்கா பெண் சென்னையிலோ மதுரையிலோ இருந்து வருகிறாள் என்றால், அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தடியில் போய் நிற்கிறார். அழைத்துப் போக அப்பா இல்லாத பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பஸ் நேர அட்டவணை போடுகிறவர்கள் யோசித்திருப்பார்களா?

சிலர் இந்தக் கட்டத்தில் "எல்லாம் தனியாராக இருந்தால் சரியாக இருக்கும்" என்று ஆரம்பிப்பார்கள். பைபாஸில் இறக்கிவிடுவதில் தனியாருக்கும் அரசுக்கும் நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. அரசு நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதே சாட்சி. என்னைக் கேட்டால், பழைய காலத்தின் எந்த பஸ்ஸும் செய்யாததை அந்த ஒரு உத்தரவு செய்தது. எங்கள் தெருப் பெண்கள் பலர் இப்போது காரணமே இல்லாமல் கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் போய்வருகிறார்கள். காரணமே இல்லாமல் போவது என்பது அதுவரை ஆம்பளைகளுக்கு மட்டுமே இருந்த வசதி.

அதனால் எனக்கு இன்ஜின் பெட்டிச் சூடும் படுதாவும் திரும்ப வேண்டாம். நான் கேட்பது இவ்வளவுதான்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், காலை ஐந்து மணிக்கு முன்னால், எந்த வண்டியும் பைபாஸில் ஆள் இறக்கக் கூடாது. ஊருக்குள் வந்து, பஸ் ஸ்டாண்டில், விளக்கு வெளிச்சத்தில் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் ரோட்டில் நெரிசலும் இல்லை. பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். இப்போதும் சில வண்டிகளின் முன்கண்ணாடியில் "ஊருக்குள் செல்லும்" என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பஸ் ஊருக்குள் வருவதையே சிறப்புச் சலுகையாக அறிவிக்க வேண்டிய நிலை.

உங்கள் ஊர்ப் பேரையும், ராத்திரி வண்டி உள்ளே வருகிறதா, பைபாஸோடு போய்விடுகிறதா என்பதையும் கமெண்டில் எழுதுங்கள். எந்த ரூட், எத்தனை மணி வண்டி என்று தெளிவாக எழுதினால் நல்லது. எல்லாவற்றையும் சேர்த்து மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பழைய பஸ் போட்டோ இருப்பவர்கள் அதையும் போடுங்கள், பார்க்க ஆசைதான்.