சுட்டிக்காட்ட ஓர் இடம்

அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான். பதினோரு வயது. வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டால் அவனிடம் இருக்கிற தமிழ் இரண்டு சொல்தான். "சாப்ட்டியாடா?" "ம்." "ஸ்கூல் எப்படி?" "நல்லா." அப்புறம் போன் அக்கா கைக்குப் போய்விடும். பேரனுக்குத் தமிழே போய்விட்டது என்று அம்மாவுக்கு ஒரே புலம்பல்.

போன வருடம் அவன் நச்சரிப்பு தாங்காமல் மைன்கிராஃப்ட் ஏற்றினேன். கட்டம் கட்டமான ஓர் உலகத்தில் சேர்ந்து தோண்டி, கட்டி விளையாடுகிற கேம். அதற்குள் டைப் அடிக்கலாம், வாயால் பேச வசதி கிடையாது. அதனால் வாட்ஸ்அப் காலை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். முதல் ஞாயிறே பையன் கொட்டித் தீர்த்துவிட்டான். "மாமா, அங்க போகாத, லாவா! இந்தப் பக்கம் வா. இது இல்ல, அது. ஐயோ, பின்னாடி பாரு!" பின்னால் ஒரு க்ரீப்பர், அதாவது கிட்டே வந்து வெடிக்கிற பிசாசு, உஸ்ஸென்று சீறிக்கொண்டு நின்றது. வெடித்தது. நான் செத்தேன், பாதிச் சுவரும் போனது.

யோசித்துப் பார்த்தால் அவன் பேசியதில் முக்கால்வாசி இங்க, அங்க, இது, அது. பள்ளியில் சுட்டெழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, அதே அ, இ. ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வீடியோ காலில் முகம் இருக்கிறது, இடம் இல்லை. "அதோ பார்" என்று நான் கை நீட்டினால் அவனுக்குத் தெரிவது என் வீட்டு சீலிங் ஃபேன்.

ஆபீஸ் மீட்டிங்கிலும் இதே கூத்துதான். "என் ஸ்கிரீன் தெரியுதா?" "தெரியுது." "அந்த மூணாவது வரி... இல்ல, அதுக்கு மேல." ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வரியைத் தேடுவோம். அதே ஷீட்டை எல்லாரும் ஒன்றாகத் திறந்து, ஆளுக்கொரு நிறத்தில் கட்டம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் நாளில் பாதிப் பேச்சு மிச்சம்.

கேம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒன்றைக் குறிபார்த்து பட்டனைத் தட்டினால் கூட்டாளிகளின் திரையில் அந்த இடத்தில் குறி விழும். அது என்னவென்று நம் பாத்திரமே வாய்விட்டுச் சொல்லும். மைக் இல்லாதவனும் மொழி தெரியாதவனும் ஒரே அணியில் ஆடிவிடலாம்.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ், விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே போகிற உலகம், 2021 கடைசியில் திறந்தபோது அங்கே நமக்குப் பதிலாக நடமாடும் அவதாரங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கால் இல்லாமல் மிதந்தால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர்! உலகமே கேலி செய்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. மைன்கிராஃப்ட் ஆளுக்கு மட்டும் என்ன அழகு? தலை ஒரு பெட்டி, முகத்தில் ஓர் அசைவு கிடையாது. 1986இல் லூகாஸ்ஃபிலிம் கொமடோர் 64 கணினிக்காகச் செய்த ஹாபிடாட் என்ற பலர் கூடும் கேமில் இன்னும் மோசம். பொம்மை ஆள், தலைக்கு மேல் ஒரு பேச்சுக்குமிழி, அவ்வளவே. அதைச் செய்த இருவரும் பின்னால் எழுதினார்கள்: இப்படிப்பட்ட உலகத்தைத் தீர்மானிப்பது தொழில்நுட்பத்தைவிட, உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதுதான் என்று. நாற்பது வருடமாகியும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டிங் போடத்தான் நமக்குத் தோன்றுகிறது.

முகம் அசையாத அந்த மைன்கிராஃப்ட் ஆளை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் சொல்ல முடிகிறது தெரியுமா? படக் படக்கென்று இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தால் வணக்கம். எனக்குப் பசி அளவு குறைந்திருக்கும் என்று தோன்றினால் அவன் ஒரு ரொட்டியைக் காலடியில் எறிந்துவிட்டுப் போவான். ஒருநாள் தேவையில்லை என்று நினைத்து அவனுடைய சுவரை இடித்துவிட்டேன். அன்று முழுக்க மூச்சு விடவில்லை. மறுவாரம் போனால் அந்த இடத்தில் ஒரு பலகை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான்: "மாமா உடைக்காத. ப்ளீஸ்." மூன்று மாதத்தில் அவன் எழுதிய ஒரே தமிழ் வாக்கியம். அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

அந்த உலகத்தில் முழு நாளே இருபது நிமிடம்தான். இருட்டினால் பிசாசுகள் கிளம்பும். ராத்திரியைக் கடக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற எல்லாரும் கட்டிலில் படுக்க வேண்டும். ஒருத்தர் படுக்காமல் சுற்றினாலும் இரவு நகராது. போன ஞாயிறு அவனும் அவன் சிநேகிதனும் படுத்தாயிற்று. நான் சுரங்கத்தில் இரும்பு தோண்டிக்கொண்டிருந்தேன். இங்கே உச்சி வெயில், அங்கே மெல்போர்னில் சாயங்காலம். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "மாமா, எங்க இருக்க? வந்து படு. நீ படுத்தாத்தான் விடியும்."