மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்கு வருவார்

சென்னையில் தெரிந்த ஒரு அம்மா, "உங்க வீட்டுக்காரர் வீட்டோட மாப்பிள்ளையாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதில் தாழ்த்திப் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

இலங்கையின் கிழக்கே, எங்கள் மட்டக்களப்புப் பக்கம் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அப்பா அப்படி வந்தவர். அம்மப்பாவும் அப்படித்தான். குடியை, அதாவது வம்சப் பிரிவைக்கூட, நாங்கள் தாய்வழியில்தான் சொல்லுவோம்.

எங்கள் வளவில், அதாவது வீட்டுக் காணியில், மூன்று வீடு. பெரிய வீடு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. அக்காவின் கலியாணத்தோடு அது அக்காவின் பெயருக்குப் போனது. ஒரு வருடம் எல்லாரும் அங்கேயே இருந்தோம். அப்புறம் அப்பா பக்கத்தில் இன்னொரு வீடு கட்டி அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மாறினார். என் கலியாணத்தில் அது எனக்கு. அவர்கள் இப்போது பின்வளவில், இரண்டு அறை வீட்டில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குசினி யன்னலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அம்மா வந்துவிடுவார். கணவனோடு கோபம் வந்தால் இரவில் எங்கே போவது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எத்தனை பெண்களுக்கு இது வாய்த்திருக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரத்தில் போன வீடுகளில் பல, பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. பதில் வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆண்களின் பெயரை எழுதினார்கள். என் சின்னம்மாவின் வீடும் அப்படித்தான் சித்தப்பாவின் வீடாகிப்போனது. தாய் கொடுத்ததை ஒரு படிவம் பறித்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்காக எங்கள் வழக்கத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீடு கட்டி முடியவில்லை என்று கலியாணம் தள்ளிப்போகும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பகுதியார் மேல்மாடி கேட்கிறார்கள், டைல்ஸ் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதை நிறுத்த வேண்டும். காணியை மகளின் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதுங்கள், அது போதும். சுவரை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பட்டும்.

நான் இருக்கும் வீட்டுக்காக அண்ணன் ஒன்பது வருடம் கட்டாரில் வெயிலில் நின்றான். அவனுக்குக் கலியாணம் நடந்தது 38 வயதில். என் மகனை அப்படி அனுப்ப மாட்டேன். மகளின் பெயரில் காணி இல்லாமலும் விட மாட்டேன்.