அரிசிமாவு உருளாது மாமா

(தக்கலையிலிருந்து குமாரகோவில் போகிற வழியில் லீலா டீச்சர் வீட்டுத் திண்ணை. அங்கன்வாடி டீச்சர். பழைய கல்யாணக் கார்டுகளைக் கத்தரித்துக்கொண்டு இருக்கிறார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற செல்லப்பன் மாமா ஒரு துணிப்பையோடு படியேறுகிறார். முழங்கை வரைக்கும் மாவு. வேட்டியில் அங்கங்கே செக்கச்செவேல் என்று திட்டு.)

டீச்சர்: ஐயோ மாமா, என்ன இது, ரெத்தமா?

மாமா: ரெத்தம் ஒண்ணும் இல்ல மக்களே, மஞ்சளாக்கும். அந்தக் கதைய பொறவு சொல்லுதேன். ஏற்கெனவே கோவத்துல இருக்கேன். காலையில இருந்து ஏடிஎம் கார்டக் காணல. மேசை மேலதான் வச்சேன். வீட்டை ரெண்டு தடவை பெருக்கியாச்சு. கடைசில பேங்குக்கு போன் போட்டு பிளாக் பண்ணிட்டுத்தான் வாறேன்.

டீச்சர்: செரி, இரிங்க. பையில என்ன?

மாமா: பேரனுக்குப் படிப்பு. ரெண்டரை வயசாச்சு, சும்மா இருக்கான்லா. கடையில பிடிச்சு விளையாடுத கலர் மாவு இருக்கே, அத வீட்டிலேயே செய்யலாம்னு நீதானே சொன்ன? செஞ்சேன். இந்தா பாரு.

(பையிலிருந்து ஒரு உருண்டையை எடுக்கிறார். எடுத்த கையிலேயே அது நாலாகப் பிளந்து திண்ணையில் உதிர்கிறது.)

டீச்சர்: இது எந்த மாவு?

மாமா: புட்டு மாவு.

டீச்சர்: அரிசிமாவு உருளாது மாமா. கோதுமையிலதான் இழுத்தா நீளுற பசை உண்டு. அரிசில அது கிடையாது. ஈரம் காஞ்ச உடனே விண்டு போவும்.

மாமா: அது தெரிஞ்சுதான் ரெண்டாவது தடவை மைதா போட்டேன். அது என்னைய விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டு. கையில இருக்குது அதாக்கும். வீட்டுல ஆச்சி, "மாவு பிசைஞ்சது போதும், பொரோட்டா எப்ப வரும்"னு கேக்கா.

டீச்சர்: அளவு சொல்லுங்க.

மாமா: அளவா? ஒரு குத்துமதிப்புதான்.

டீச்சர்: டிக்கெட்ட குத்துமதிப்பாவா கிழிச்சிய? எழுதிக்கிடுங்க. மைதா 1 கப். தூள் உப்பு அரை கப். தண்ணி 1 கப். தேங்காண்ணெய் 1 மேசைக்கரண்டி. எலுமிச்சச்சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாத்தையும் வாணலியில போட்டு, அடுப்பு பத்த வைக்கதுக்கு முன்னாலயே கட்டி இல்லாம கரைச்சிரணும். அதுக்கு அப்புறம் சிறுதீ. கிண்டிக்கிட்டே இருந்தா மூணு நாலு நிமிசத்துல வாணலிய விட்டு வழுக்கிக்கிட்டு ஒரே உருண்டையா திரளும். அப்ப இறக்கி, கை பொறுக்குற சூட்டுல அழுத்திப் பிசையணும்.

மாமா: அடுப்புல வைக்கணுமா? நான் வெறும் தண்ணில குழைச்சேன்.

டீச்சர்: அதுலயும் செய்யலாம், ஆனா நம்ம ஊரு காத்துக்கு ஒத்துவராது. உப்பு காத்துல உள்ள ஈரத்த இழுக்கும். மழை மாசத்துல உப்பு ஜாடி கசியுதுலா, அதேதான். வேகாத மாவு மறுநாளே நசநசன்னு ஆயிரும். வெந்த மாவு காத்துப் புகாத டப்பால, ஃபிரிஜ்ஜுல, ரெண்டு வாரமாவது கிடக்கும். கல்லுப்பா போட்டிய?

மாமா: எப்படித் தெரியும்?

டீச்சர்: உருண்டையில பல்லு பல்லா நிக்கே. பிள்ளைக கைய அது அராவும். ஒரு காரியம் முக்கியம்: உங்க பேரன் இப்பவும் எதையும் வாயில வைக்கானா?

மாமா: வாயில வைக்காத சாமான் வீட்டுல ரெண்டுதான் உண்டு. ஒண்ணு ஆட்டுக்கல்லு. இன்னொண்ணு கசாயம்.

டீச்சர்: அப்ப, உப்பு மாவு இப்ப வேண்டாம். அரை கப் உப்பு பெருங்கொண்ட அளவு மாமா. பிடிபிடியா முழுங்கினா சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. நாய்க்கும் அப்படித்தான், முற்றத்துல எறிஞ்சிராதிய. அவனுக்கு உப்பு போடாத சப்பாத்தி மாவு ஒரு எலுமிச்சங்காய் அளவு உருட்டிக் குடுங்க. நீங்க பக்கத்துல இரிங்க, அன்னைக்கே தூர எறிங்க.

மாமா: செரி. மாவு கழிஞ்சு. அடுத்த ஸ்டாப்பு, எழுத்து. அவனுக்கு 'அ' எழுதப் படிச்சு குடுக்கேன், வரமாட்டேங்குது. பென்சிலக் குத்தூசி மாதிரிப் பிடிக்கான்.

டீச்சர்: மாமா, வடசேரில பஸ்ஸு ஏறின உடனே கடைசி ஸ்டாப்பு களியக்காவிளையில இறங்கச் சொல்லுதிய. ரெண்டு வயசுல ஒரு நட்டக்கோடு. மூணுல வட்டம். நாலுல கூட்டல் குறி. சதுரம் வர பின்னயும் ஆவும். நம்ம 'அ'வப் பாருங்க, சுழி இருக்கு, வளைவு இருக்கு, படுத்த கோடு, நிமிர்ந்த கோடு. நாலு வயசுக்காரனே முழிப்பான். எழுத்து வரும்போதுகூட 'ட', 'ப'ன்னு கோடா இருக்குறதுல தொடங்குறது லேசு.

மாமா: அதுவரைக்கும் கைய கட்டிக்கிட்டு இருக்கணுமா?

டீச்சர்: விரலால வரையட்டும். ஓரம் உசந்த ஒரு தட்டு, அடியில கருப்போ நீலமோ காகிதம், மேல ரவை. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் பரத்தணும். விரல இழுத்தா அடியில உள்ள கலர் தெரியணும். குலுக்கினா அழிஞ்சு போவும். தப்பு பண்ணினோம்னு பிள்ளைக்கு ஒரு பயமும் கிடையாது. விஜயதசமிக்கு அரிசில விரலப் பிடிச்சு எழுத வைக்காவள்லா, அந்தப் புத்திதான். பென்சில இறுக்குற பெலம் விரலுக்கு வேண்டாம்.

மாமா: ரவையும் செஞ்சாச்சு மக்களே. ரெண்டு கிலோ கொட்டினேன்.

டீச்சர்: ரெண்டு கிலோவா?

மாமா: தட்டு நிறைய வேண்டாமா? ஒரு கோடும் தெரியல. போட்ட உடனே ரெண்டு பக்கமும் இடிஞ்சு விழுந்து மூடிச்சு. ஒடை வெட்டின மாதிரி இருந்து.

டீச்சர்: கனம் கூடினா அப்படித்தான். அப்ப அந்த ரவைய எதுல எடுத்து வச்சிய?

மாமா: எதுலயும் வைக்கல. ஆச்சி உப்புமா கிண்டிட்டா. காலையில சாப்பிட்டேன். கொள்ளாம்.

டீச்சர்: மாமா... அதுல பய தும்மினானா?

மாமா: (யோசித்து) ரெண்டு தடவ.

டீச்சர்: விளையாட்டு ரவைக்குத் தனி டப்பா, மேல சீட்டு ஒட்டணும். லேசா வறுத்து வச்சா வண்டு வராது. எறும்பு வராம இருக்க பிள்ளைக்குக் கையக் கழுவிட்டு குடுங்க. பலகாரம் தின்ன கையோட வந்தா எறும்பு பின்னால வரும்.

மாமா: இனி எண்ணு. அதுல பய புலி. ஒண்ணுலருந்து இருபது வரைக்கும் தட்டாம சொல்லுவான்.

டீச்சர்: மூணு ஸ்பூன் எடுத்துட்டு வான்னு சொல்லிப் பாருங்க.

மாமா: சொன்னேன். கூடையோட கொண்டு வந்தான்.

டீச்சர்: பாட்டா சொல்லுதது வேற, எண்ணுதது வேற. நீங்க பஸ்ஸுல எப்படி எண்ணுவிய? ஆளத் தொட்டு தொட்டு, ஒரு ஆளுக்கு ஒரு எண்ணு. ரெண்டு பேர ஒண்ணா எண்ணினாலோ ஒருத்தன விட்டாலோ என்னாவும்?

மாமா: டிக்கெட்டும் தலையும் ஒத்துப்போவாது. செக்கிங் ஏறினா நம்ம கதை கந்தல்.

டீச்சர்: அதுதான் படிப்பு. அஞ்சு தேங்காச் சிரட்டைய நிரையா வச்சு, ஒரு சிரட்டைக்கு ஒரு எலுமிச்சங்கா போடச் சொல்லுங்க. ஒரு சிரட்டை காலியா இருந்தா, "இதுக்குப் போட்டியா"ன்னு கேட்டா போதும். முதல்ல ரெண்டு, மூணோட நிறுத்துங்க. சாப்பாட்டு நேரத்துல ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லுறதும் இதே கணக்குதான், செலவே கிடையாது. சிரட்டைய நார் இல்லாம சுரண்டி, விளிம்பை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சிரணும். இல்லன்னா கை கீறும்.

மாமா: எலுமிச்சங்கா எதுக்கு? நான் அதவிட அம்சமா கொண்டு வந்திருக்கேன்.

(ஒரு பொட்டலத்தை விரிக்கிறார். சிவப்பு மணி, கருப்புக் கண்.)

டீச்சர்: மாமா, அத மூடுங்க.

மாமா: குன்னிமுத்து மக்களே. பொன்னு நிறுத்த மணி.

டீச்சர்: பொன்னுதான் நிறுக்கணும். ஓட்டைக் கடிச்சு உடைச்சு உள்ள போனா கொல்லுற விசம். முழுசா முழுங்கினாக்கூட ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். ரப்பர் கொட்டையும் வேண்டாம், பச்சையா தின்னா அதுலயும் விசம் உண்டு.

மாமா: அப்பம் மஞ்சாடி? அது பூரா சிவப்பாக்கும், கண்ணு கிடையாது.

டீச்சர்: மஞ்சாடி, புளியங்கொட்டை, கடலை எதுவும் மூணு வயசு வரைக்கும் வேண்டாம். தொண்டையில அடைக்கும், மூக்குல ஏத்திருவான். 31.7 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள்ள அடங்குற சின்ன சாமான் மூணு வயசுக்குக் கீழ உள்ள பொம்மையில இருக்கக் கூடாதுன்னு விதி வச்சிருக்காவ. 10 ரூவா நாணயம் 27 மில்லி. அதவிடப் பெருசான்னு பாத்தாலும் போராது, ஒரு விரக்கடை கூடவே இருக்கட்டும்.

மாமா: (பொட்டலத்தை மடியில் கட்டுகிறார். அவிழ்த்து, சட்டைப் பைக்கு மாற்றுகிறார். அங்கேயும் நிம்மதி இல்லை.) இத நீயே வச்சுக்க.

டீச்சர்: குடுங்க. இனி வேட்டிக்கதை.

மாமா: வெரல்ல தொட்டு வரையுத சாயம். மஞ்சப்பொடியக் கலக்கிக் குடுத்தேன். பய காகிதத்த விட்டுட்டு என் மடியில வரைஞ்சான். சோப்பு போட்டேன். மஞ்சளா இருந்தது பூரா செவந்து போச்சு! ஆச்சி பாத்துட்டு ஒரே பெகளம்.

டீச்சர்: மஞ்சள் சோப்புத்தண்ணி பட்டா செவக்கும். சோப்புல காரம் இருக்கு, மிளகாக் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரானது. எலுமிச்சச்சாறு தொட்டா திரும்ப மஞ்சளாவும். கற பின்ன வெயில்ல காயப்போட்டா பைய பைய வெளுக்கும்.

மாமா: இத முன்னாலயே சொல்லியிருந்தா நான் பனியன் போட்டுட்டு இருந்திருப்பேன்.

டீச்சர்: நாலு அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு இதவிட ரசமான விளையாட்டு கிடையாது. காகிதத்துல மஞ்சத்தண்ணி தேய்ச்சு காய வச்சு, குச்சில சோப்புத்தண்ணி தொட்டு எழுதச் சொன்னா செவப்பா எழுத்து வரும். உங்க பயலுக்கு மரச்சீனிக்கிழங்கு மாவுக் கஞ்சி காய்ச்சிக் குடுங்க. 4 ஸ்பூன் மாவ முதல்ல பச்சத்தண்ணில கரைக்கணும். நேரே கொதிதண்ணில போட்டா கட்டி கட்டியா நிக்கும். கரைச்சத ரெண்டு கப் தண்ணில ஊத்திக் கிண்டினா கண்ணாடி மாதிரி ஆவும். ஆறின பொறவு பீட்ரூட் சாறு. சட்டையக் கழட்டிட்டு முற்றத்துல விடுங்க.

மாமா: யாரு சட்டைய?

டீச்சர்: ரெண்டு பேரு சட்டையும். செரி, பையில பின்ன என்னமோ கிடந்து கிலுங்குதே?

மாமா: இதுதான் மக்களே ஒண்ணே ஒண்ணு உருப்பட்டது. நீ சொன்ன பால்பொடி டின். மூடில ஒரு கீத்து. கல்யாணக் கார்ட துண்டு துண்டா வெட்டி பத்தெண்ணம் குடுத்தேன். ரெண்டு நாளா சாப்பாடு தண்ணி இல்லாம அதுக்குள்ளயே போட்டுக்கிட்டு இருக்கான்.

டீச்சர்: கீத்து எம்புட்டு நீளம்?

மாமா: ஆறு சென்டிமீட்டர். அளந்தாக்கும். அகலம் நாலு மில்லி. கார்டு அஞ்சுக்கு எட்டு. மூலைய உருட்டியாச்சு, டின் வாய்க்கு டேப்பும் சுத்தியாச்சு.

டீச்சர்: அருமை! முதல் தடவையா அளவு எடுத்திருக்கிய. கார்டத் திருப்பித் திருப்பி கீத்துக்கு நேரா வைக்கதுதான் கைக்கும் கண்ணுக்கும் பழக்கம். (மூடியை இழுக்கிறார். வரவில்லை.) மூடி ஏன் திறக்கல?

மாமா: ஃபெவிகால் வச்சு ஒட்டிட்டேன். சும்மா சும்மா திறந்து கொட்டுதான்.

டீச்சர்: கொட்டி எடுக்கது பாதி விளையாட்டு மாமா! போனது உள்ளதான் இருக்கு, திரும்ப வரும்னு அவன் கண்டுபிடிக்கதே அங்கதான். மூடி அவன் கையால திறக்குற மாதிரி இருக்கணும்.

(கத்தியை நுழைத்து மூடியை நெம்புகிறார். டின்னைத் திண்ணையில் கவிழ்க்கிறார். கார்டுகளோடு ஒரு ஐஸ் குச்சி, அரை சீப்பு, போன மாத கரண்ட் பில்.)

மாமா: தள்ளு, நான் எண்ணுதேன். இது நம்ம தொழில். ஒண்ணு, ரெண்டு, மூணு... (விரலால் தொட்டுத் தொட்டு) ...ஒம்பது, பத்து, பதினொண்ணு.

டீச்சர்: பத்தெண்ணம்னுதானே சொன்னிய?

மாமா: பதினொண்ணு இருக்கே. ஒரு ஆளு டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு.

(இருவரும் குனிகிறார்கள். பத்து கார்டில் பிள்ளையார், மாதா, பொன்னெழுத்து. பதினோராவதில் மாமாவின் பெயரும் பதினாறு இலக்க எண்ணும்.)

டீச்சர்: பிளாக் பண்ணி எம்புட்டு நேரம் ஆச்சு?

மாமா: அரை மணிக்கூர். புதுசு வர பத்து நாளாவும்னு சொன்னாவ.

(கார்டை எடுத்துத் துடைக்கிறார். கீத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. எடுத்து இன்னொரு தடவை போடுகிறார்.)

டீச்சர்: மாமா?

மாமா: இரு மக்களே, நல்லா போவுது.