ஜாம் போத்தலுக்குள் நுழைந்த கை

1990களில் இலங்கை அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலம் என்றாலே முகநூலில் முதலில் வந்து நிற்பது ஜாம் போத்தல் விளக்குப் படம்தான். கீழே எழுதுவதும் அநேகமாக ஒரே கதை. "கரண்ட் இல்லை, ஆனால் நிம்மதி இருந்தது." "இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் டொக்டர் ஆனோம், எஞ்சினியர் ஆனோம்." "இப்பத்தைய பிள்ளைகளுக்கு இது எங்கே விளங்கப்போகுது." இந்தப் பதிவுகளில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: அளவு இல்லை. எத்தனை கரண்டி எண்ணெய், யார் ஊற்றியது, யார் துடைத்தது, எது எப்போது பிழைத்தது என்று ஒரு வரிகூட இராது. அளவைப் போட்டு எழுதத் தொடங்கினால், நாங்கள் பெருமையாகச் சொல்லும் சனத்தின் கெட்டித்தனத்தில் பாதி, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வேலையாக இருந்தது வெளியே வந்துவிடும்.

விளக்கையே எடுப்போம். 1990 ஜூனில் அரச படைக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதோடு ரயிலும் நின்றது, மின்சாரமும் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கைக்கெட்டாத விலை. அரிக்கன் லாம்பு எரித்தால் எண்ணெய் கட்டாது. அதனால் வந்ததுதான் இந்தச் சிக்கன விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும், இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக் கட்டைக்குள் நூல்திரி. அதைத் தகரத் துண்டாலோ கம்பியாலோ பஞ்சின் மேல் நிமிர்த்தி வைக்கவேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், போத்தலே சிமினி. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் சரிந்தாலும் உடனே ஊற்றுப்படாது, காற்றுக்கும் அணையாது. நல்ல யோசனை, மறுக்கவில்லை.

இனிப் பிழைக்கும் இடங்கள். போத்தலுக்குள் காற்று வரும் வழியும் புகை போகும் வழியும் அந்த ஒரே வாய்தான். திரியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் வெளிச்சம் கூடாது, புகைதான் கூடும். கால் மணித்தியாலத்தில் கண்ணாடி கறுத்துவிடும். சுடர் பயறளவுக்கு மேல் போகக்கூடாது. பயறளவுச் சுடரில் எழுத்துத் தெரிய, கொப்பியைப் போத்தலோடு ஒட்டி வைத்து, முகத்தையும் அதோடு ஒட்டி வைக்கவேண்டும். மூக்குத் துவாரம் காலையில் கறுப்பாக இருக்கும், முன்மயிர் பொசுங்கும். சூடேறிய போத்தலில் கூரை ஒழுக்கு ஒரு துளி விழுந்தால் படாரென்று வெடிக்கும். மண்ணெண்ணெயில் பெற்றோல் கலந்திருந்தால் பற்றவைக்கும்போதே ஆபத்து. கலந்ததோ இல்லையோ என்று பார்க்க வீட்டில் யாருக்கும் வழியில்லை, மணந்து பார்ப்பதைத் தவிர.

எல்லாவற்றையும்விடத் துடைப்பு. ஒவ்வொரு நாளும் பொழுதுபடமுன் போத்தலின் உள்பக்கத்தைச் சாம்பலும் பழந்துணியும் போட்டுத் துடைக்காவிட்டால் அன்றிரவு வெளிச்சமே இல்லை. ஜாம் போத்தலின் வாய்க்குள் பெரியவர்களின் கை போகாது. பிள்ளையின் கை போகும். வாய் விளிம்பில் சிறு உடைவு இருந்தால் மணிக்கட்டைக் கிழிக்கும். வீட்டுக்கு மூன்று விளக்கு என்றால் மூன்று துடைப்பு, வருஷம் முழுவதும். அந்த வேலை எந்தப் பதிவிலும் இல்லை.

அடுத்த பெருமை சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, அதில் றேடியோ கேட்டது. சொல்லக் கேட்டால் விளையாட்டுப் போல இருக்கும். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் மாறுதிசை மின்னோட்டம். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கு வேண்டியதும் 6 வோல்ட்தான். ஆனால் நேராகக் கொடுத்தால் பாடாது. நாலு டயோட் வைத்து நேராக்கி, குறுக்கே ஒரு கப்பாசிற்றர் போடவேண்டும். கப்பாசிற்றர் இல்லாவிட்டால் செய்திக்கு மேலே உர்ரென்ற இரைச்சல் ஏறி நிற்கும். சுற்றும் வேகம் குறைந்தால் அறிவிப்பாளர் குரல் அமுங்கிப் போகும். கூடினால் வோல்ட் எகிறி றேடியோவே போய்விடும். முன் லைற் பல்பையும் சேர்த்து இணைத்து வைத்தால் கொஞ்சம் சமாளிக்கும். ஆகவே ஒரே சீரான வேகத்தில், பிபிசி தமிழோசை முடியும்வரை அரை மணித்தியாலம் யாராவது சுற்றவேண்டும். பெரியவர்களுக்குச் செய்தி கேட்கவேண்டும், கேட்டுவிட்டு விவாதிக்கவேண்டும். சுற்றியது யார் என்று கேட்கவே தேவையில்லை. முக்கியமான இடத்தில் கை மாறினால் ஏச்சும் கிடைக்கும்: "ஆனையிறவில என்ன நடந்ததெண்டு சொல்ல வர, விட்டிட்டியே!"

சவுக்காரம் இல்லாத காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது எல்லோரும் எழுதும் விஷயம், நீட்டவில்லை. ஒன்று மட்டும். கொடியில் காயப்போட்ட உடுப்பைப் பழவாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டே இரண்டு உள்ள வீட்டில், அது காயுமட்டும் கொடியடியில் தடியோடு காவல் இருந்ததும் ஒரு சின்னனாகத்தான் இருக்கும்.

பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு வருவோம். இதில் "எங்கட வீட்டிலயும் இருந்தது" என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. ஆறடி ஆழம், மூன்றடி அகலம், 'எல்' வடிவம். வளைவு இல்லாமல் நேராக வெட்டினால், வாசலில் விழும் ஷெல்லின் சன்னம் உள்ளே கடைசி ஆள்வரை போகும். வளைவுச் சுவர் அதைத் தடுக்கும். மேலே பனங்குற்றி. கிடைத்தவர்கள் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் போட்டார்கள், ரயில்தான் ஓடவில்லையே. குற்றிக்கு மேல் தகரம் அல்லது ஓலைப்பாய், அதற்கு மேல் இரண்டு மூன்று அடி மண். இது கையேட்டுக் கணக்கு. குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமத்தில் பல வளவுகளில் இரண்டு மூன்று அடியிலேயே சுண்ணாம்புப் பாறை வந்து அலவாங்கு கிணீர் என்னும். அங்கே பாதி நிலத்துக்கு மேலும் பாதி கீழுமாக, மண்மூட்டை அடுக்கித்தான் கட்டமுடியும். வடமராட்சிக் கிழக்கின் மணலில் நேர் எதிர்: வெட்டுவது சுகம், சுவர் நிற்காது. குற்றியோ தகரப் பரலோ வைத்து முட்டுக் கொடுக்காவிட்டால் குண்டே தேவையில்லை, அதிர்விலேயே உள்ளே இருப்பவரைப் புதைத்துவிடும்.

மாரி வந்தால் எல்லாப் பங்கரும் குளம். நவம்பர், டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் தவளையோடு நிற்பதா, வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே கிடப்பதா என்று ஒவ்வொரு இரவும் முடிவெடுக்கவேண்டும். தண்ணீரை வாளியால் இறைத்துக் காயவைப்பது பிள்ளைகளின் சனிக்கிழமை வேலை. வெயில் காலத்தில் பாம்பும் தேளும் குளிர்ச்சிக்கு உள்ளே வரும். உள்ளே இறங்குமுன் வாசலில் தடியால் தட்டவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பொம்பர் குண்டு போடத் தாழப் பதியும்போது தட்ட நேரம் ஏது?

காது. பிள்ளைகளின் காதுதான் வீட்டின் சைரன். எந்த இரைச்சல் ஹெலி, எது சியாமாசெட்டி, எது அவ்ரோ, எது சுப்பர்சொனிக் விமானம் என்று வாசிக்கத் தெரியாத வயதிலேயே தெரியும். இதையும் சாமர்த்தியம் என்று எழுதுகிறோம். ஷெல்லுக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆமி முகாமில் ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற சத்தம் கேட்டவுடன் எண்ணத் தொடங்கு, விழுமுன் பங்கருக்குள் இறங்கு. இந்தக் கணக்கு மோட்டாருக்குச் சரி. மோட்டார் ஷெல் உயரப் போய் மெதுவாக இறங்கும்; ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் வேகத்தில் முந்தி வந்துவிடும், அந்த இடைவெளியில் ஓடலாம். தூரத்துப் பீரங்கியின் ஷெல் ஒலியைவிட வேகமாகப் புறப்படுவது. அதற்கு எண்ணினால், எண்ணி முடிக்குமுன் விழுந்திருக்கும். குத்துகிற சத்தம் சில வேளை பிறகுதான் வரும். எந்தச் சத்தத்துக்கு எண்ணலாம், எந்தச் சத்தத்துக்கு நின்ற இடத்திலேயே விழவேண்டும் என்று ஒரு எட்டு வயது தனியாகத் தீர்மானித்தது.

விழுவதற்கும் முறை உண்டு. குப்புறப் படு. முழங்கையை ஊன்றி நெஞ்சை நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்து, இல்லாவிட்டால் நில அதிர்வு நெஞ்சில் அடிக்கும். விரலால் காதை அடை. வாயைத் திறந்து வைத்திரு, இல்லாவிட்டால் செவிப்பறை கிழியும். பள்ளிக்கூட முற்றத்தில் பழக்கிய பாடம் இது. பழக்கத்தில் எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிழைப்பது ஒரே இடத்தில்: உண்மையான விமானம் வந்தால் பிள்ளை படுக்காது, ஓடும். தம்பி தங்கை இருக்கும் வகுப்பை நோக்கி ஓடும். 1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சிக் கிழக்கு நாகர்கோவில் மகாவித்தியாலயத்தில் குண்டு விழுந்தபோது மதிய இடைவேளை. பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். அந்த நாளை நினைவுகூரும் பதிவுக்கும் விளக்குப் படத்துக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லாதது போல எழுதுகிறோம். அதே பிள்ளைகள், அதே விளக்கு.

அதே வருஷம் ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் காலியானது. லட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நின்று நின்று நகர்ந்தது. சாதாரண நாளில் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாத தூரத்துக்கு விடிய விடிய நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து மழையைச் சேர்த்துக் குடித்தார்கள். இருட்டில் அந்தச் சனத்துக்குள் கை விட்டுப்போன பிள்ளையைத் திரும்பிப் போய்த் தேட வழியில்லை, பின்னால் தள்ளிக்கொண்டே வருவார்கள். பிள்ளையின் கையைச் சைக்கிள் கரியரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்ன வீடுகள் புத்தி உள்ளவை.

போரின் கடைசிக் காலத்து வன்னியைப் பற்றி "அது ஒரு காலம்" என்று ஒருவரும் படம் போடுவதில்லை. அங்கே பங்கருக்குப் பயன்கள் இரண்டு. வானத்திலிருந்து வருவதற்கு ஒன்று, வாசலால் வருவதற்கு ஒன்று. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் படைக்குப் பிள்ளை பிடித்த நாட்களில், காட்டுக்கரையிலும் வளவின் மூலையிலும் குழி வெட்டிப் பதினைந்து, பதினாறு வயதுகளை ஒளித்தார்கள். ஒளிக்க முடியாதவர்கள் அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். ஷெல்லுக்கு வெட்டிய பங்கரைப் பற்றி மட்டும் எழுதி இந்தக் குழியை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனங்குற்றியும் இல்லை, மண் நிரப்ப யூரியாப் பையும் இல்லை. கடற்கரை மணல். சில அடி தோண்டினால் தண்ணீர் ஊறும். ஆகவே ஆழம் போகாமல் இடுப்பளவில் நிறுத்தி, சுற்றிவர மண்மூட்டை அடுக்கவேண்டும். மூட்டைக்குச் சேலை. ஒரு சேலையைத் துண்டு துண்டாக வெட்டி, மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் ஐந்தாறு பை. பருத்தி ஈரத்தில் சீக்கிரம் உழுத்துப் பிரியும், நைலெக்ஸ் தாங்கும், கூறைச் சேலையும் தாங்கும், அதையும் வெட்டினார்கள். பை முழுக்க நிரப்பக்கூடாது. முக்கால்வாசி நிரப்பி வாயை மடித்து வைத்தால்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து இருக்கும். முட்ட நிரப்பினால் உருளும், இடையில் ஓட்டை விழும்.

ஒருவர் அள்ளிப் போட, பையின் வாயை விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பாரம் தூக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அது பிள்ளைக்கு. மணல் கண்ணில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இடம் மாறவேண்டி வந்தால் மணலைக் கொட்டிவிட்டுப் பையை உதறி மடித்து எடுத்துக்கொள்வது. அடுத்த இடத்தில் மறுபடி விரித்துப் பிடிப்பது.